தம்பிக்கு எந்த இருக்கை?

சனிக்கிழமை காலை. அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம் புறப்படத் தயாராக நிற்கிறது. ஜொகூர் பாருவில் இருக்கும் பெரியம்மா வீட்டிற்குப் பயணம். பைகளெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஆனால், நான்கு வயதுத் தம்பி மட்டும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கிறான்.

“இது பாப்பா சீட்! நான் இதுல உட்கார மாட்டேன். என் ஃபிரெண்டு மாதிரி எனக்கும் பூஸ்டர் சீட் வேணும்!”

பாட்டிக்கு மனம் இளகிவிடுகிறது. “பிள்ளை ஏன் அழணும்? என் மடியிலேயே உட்காரட்டும். நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்” என்கிறார்.

அப்பா யோசிக்கிறார். “அவனுக்குத்தான் நாலு வயசு ஆயிடுச்சே. பூஸ்டர் இருக்கை வாங்கிடலாமா?” என்று அம்மாவிடம் கேட்கிறார்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா, பின்னிருக்கையில் அமர்ந்தபடி மூவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். தம்பிக்குப் பக்கத்தில் எப்போதும் அமர்பவள் அவள்தான். அவனுக்கு வாரை மாட்டிவிடுபவளும் அவள்தான்.

இந்தக் காட்சி பல வீடுகளில் நடப்பதுதான். குழந்தை வளர்ந்துவிட்டதா, அடுத்த இருக்கைக்கு மாறலாமா என்ற கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால், அதற்கான பதில் பிறந்தநாள் அணிச்சலில் ஏற்றிய மெழுகுவத்திகளின் எண்ணிக்கையில் இல்லை. குழந்தையின் உயரம், எடை, எலும்பு வளர்ச்சி, அமைதியாக அமரும் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மடி ஏன் பாதுகாப்பான இடமன்று?

முதலில் பாட்டியின் யோசனையை எடுத்துக்கொள்வோம். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால், அன்புக்கும் இயற்பியல் விதிகள் பொருந்தும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றுவிடும். ஆனால், காருக்குள் இருப்பவர்களின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று அவர்களைத் தடுத்து நிறுத்தும்வரை அந்த இயக்கம் நிற்காது. இதையே அறிவியலில் சடத்துவம் என்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகமாகும்.

இப்போது ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காரின் முன்பகுதி நசுங்கி, உள்ளே இருப்பவர்கள் அரை மீட்டர் தூரத்திற்குள் நிறுத்தப்படுகிறார்கள் என்று கொள்வோம். அந்த நொடிப்பொழுதில் அவர்கள்மேல் செயல்படும் விசை, அவர்களுடைய எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்காகும். தம்பியின் எடை 16 கிலோகிராம். அவனைப் பிடித்து நிறுத்த, பாட்டி 300 கிலோகிராமுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும். பளுதூக்கும் வீரரின் கைகளாலும் அது முடியாது.

அப்படியானால், பாட்டியின் இருக்கைவாருக்குள் தம்பியையும் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அது இன்னும் ஆபத்தானது. மோதலின்போது பாட்டியின் உடல் முழுவதும் தம்பியை வாரோடு சேர்த்து நசுக்கிவிடும்.

பெரியவர்களுக்காகச் செய்யப்பட்ட வார்

அடுத்த கேள்வி: தம்பிக்குத் தனியாகக் காரின் இருக்கைவாரையே மாட்டிவிட்டால் என்ன?

இன்று நாம் பயன்படுத்தும் மூன்று முனை இருக்கைவாரை 1959ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் பொலின் உருவாக்கினார். அந்த வடிவமைப்பை மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது. அதனால் உலகெங்கும் எண்ணற்ற உயிர்கள் காப்பாற்றப்பட்டுள்ளன.

அந்த வார் எப்படி வேலை செய்கிறது? அதன் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின்மேல் படிகிறது. மேற்பகுதி தோள்பட்டை, மார்புக்கூடு ஆகியவற்றின்மேல் படிகிறது. இவை உடலின் வலிமையான எலும்புகள். மோதலின் விசையை இந்த எலும்புகளே தாங்கிக்கொள்கின்றன. வாரின் இரகசியம் இதுதான்: விசை எலும்பின்மேல் விழ வேண்டும், மென்மையான உறுப்புகளின்மேல் விழக்கூடாது.

ஆனால், அந்த வார் பெரியவர்களின் உடலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. சிறு குழந்தையின் கால்கள் குட்டையானவை. காரின் இருக்கையில் முதுகைச் சாய்த்து அமர்ந்தால் முழங்கால்கள் இருக்கையின் விளிம்பை எட்டா. எனவே, குழந்தை தன்னையறியாமல் முன்னால் சறுக்கி அமரும். அப்போது இடுப்பில் இருக்க வேண்டிய வார் வயிற்றுக்கு ஏறிவிடும். மேலும், வாரைத் தடுத்து நிறுத்தும் இடுப்பெலும்பின் முன்முனைகள் ஏறத்தாழப் பத்து வயதில்தான் போதிய வளர்ச்சி அடைகின்றன. ஆகவே, மோதலின்போது வார் வயிற்றில் அழுந்தி, குடல், கல்லீரல், முதுகெலும்பு ஆகியவற்றுக்குக் கடுமையான காயத்தை ஏற்படுத்தலாம்.

மேல்வாரின் நிலையும் அப்படித்தான். அது குழந்தையின் தோளில் படியாமல் கழுத்தில் உரசும். உறுத்தல் தாங்காமல் குழந்தை அதை முதுகுக்குப் பின்னாலோ அக்குளுக்குக் கீழேயோ தள்ளிவிடும். அவ்வாறு செய்தால் உடலின் மேற்பகுதிக்குப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும்.

“விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று நம் முன்னோர் சொன்னார்கள். உடலுக்குத் தகுந்த இருக்கை என்பதும் அதே பொருளுடையதுதான்.

நான்கு படிகள்

குழந்தை வளர வளர, காரில் அதன் இருக்கையும் நான்கு படிகளாக மாறுகிறது.

முதல் படி, பின்னோக்கிய இருக்கை. கைக்குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடும்போது மிகப் பெரியது. கழுத்தோ மிக மென்மையானது. காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி அமர்ந்தால், மோதலின் விசை முதுகு முழுவதும் பரவிவிடும். சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் இந்த எண்ணத்தைச் செயல்படுத்திப் பார்த்தார். ஜெமினி விண்கலத்தின் இருக்கை, விண்வெளி வீரர்கள் மல்லாந்து அமர்ந்து ஏவுதலின் விசையை முதுகால் தாங்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. 1964இல் அவருடைய முதல் மாதிரி இருக்கை சோதிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதிப்படி, குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். இருக்கை இடங்கொடுத்தால் அதற்குப் பிறகும் தொடர்வது நல்லது.

இரண்டாம் படி, ஐந்து முனை வார் கொண்ட முன்னோக்கிய இருக்கை. இரு தோள்கள், இடுப்பின் இரு பக்கங்கள், கால்களின் நடுப்பகுதி என ஐந்து இடங்களில் வார் குழந்தையைப் பிடித்துக்கொள்கிறது. தம்பி இப்போது அமர்வது இதில்தான்.

மூன்றாம் படி, பூஸ்டர் இருக்கை. இதற்கெனத் தனி வார் கிடையாது. இது குழந்தையை உயர்த்தி, காரின் இருக்கைவார் சரியான எலும்புகளின்மேல் படியும்படி செய்கிறது. 1978ஆம் ஆண்டில் வால்வோ நிறுவனம் இத்தகைய இருக்கையை அறிமுகப்படுத்தியது.

நான்காம் படி, காரின் இருக்கைவார் மட்டும்.

இந்தப் படிகளில் ஏறுவதைப் பள்ளியில் வகுப்பு உயர்வதுபோல் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஒவ்வொரு படி ஏறும்போதும் குழந்தை ஒரு வகைப் பாதுகாப்பை விட்டுவிட்டு வருகிறது. ஐந்து முனைகள் மூன்று முனைகளாகக் குறைகின்றன. எனவே, அவசரப்பட்டு மாறுவதில் பெருமை ஏதும் இல்லை. இருக்கும் படியில் இடம் உள்ளவரை இருப்பதே அறிவுடைமை.

பூஸ்டர் இருக்கைக்குத் தயாரா? மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இப்போதுள்ள இருக்கையைவிடக் குழந்தை பெரிதாக வளர்ந்துவிட்டதா? ஒவ்வோர் இருக்கையிலும் அதன் உயர எல்லையையும் எடை எல்லையையும் குறிக்கும் ஒட்டுவில்லை இருக்கும். ஐந்து முனை வார் கொண்ட பல இருக்கைகளின் எல்லை 18 கிலோகிராம். சில இருக்கைகள் அதற்கு மேலும் தாங்கும். எடையை எட்டாவிட்டாலும், வேறு இரண்டு அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் தோள்கள், வார் வெளிவரும் மிக உயர்ந்த துளைக்கும் மேலே சென்றுவிட்டனவா? காதின் நுனி, இருக்கையின் மேல்விளிம்பைத் தொட்டுவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தாலும் அந்த இருக்கை இனிப் போதாது.

இரண்டாம் கேள்வி: பூஸ்டர் இருக்கைக்குப் போதுமான வளர்ச்சி இருக்கிறதா? குறைந்தது நான்கு வயதும் ஏறத்தாழ 18 கிலோகிராம் எடையும் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான்கு வயது என்பது தொடக்கக்கோடு. அந்த நாளிலேயே மாற வேண்டும் என்பதற்கான ஆணையன்று. நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் 18 கிலோகிராமைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

மூன்றாம் கேள்வி: பயணம் முழுவதும் குழந்தையால் ஒழுங்காக அமர முடியுமா? பலர் மறந்துவிடும் கேள்வி இது. ஐந்து முனை வார் குழந்தையை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பூஸ்டர் இருக்கையிலோ அந்தப் பொறுப்பில் பாதி குழந்தையிடமே வந்துவிடுகிறது. கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிந்தால், வார் தோளைவிட்டு நழுவும். விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால், வார் கழன்றுவிடும். தூங்கிப்போய் ஒருபக்கம் சாய்ந்தால், தலை வாரைவிட்டு வெளியே வந்துவிடும். “இளங்கன்று பயமறியாது” என்பார்கள். ஆகவே, பயமறியாத வயதில் கட்டுப்பாட்டைக் குழந்தையிடம் ஒப்படைப்பது முறையன்று. ஐந்து அல்லது ஆறு வயதில்தான் பல குழந்தைகளுக்கு இந்தப் பழக்கம் வருகிறது.

மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று பதில் கிடைத்தால் மட்டுமே குழந்தை தயார். உயரம் வந்துவிட்டது, ஆனால் அமைதி வரவில்லை என்றால், உயர எல்லை கூடுதலாக உள்ள ஐந்து முனை இருக்கையைத் தேடுவதே நல்லது.

எந்த வகைப் பூஸ்டர்?

பூஸ்டர் இருக்கைகளில் இரு வகை உண்டு. முதுகுசாய்வும் பக்கத் தடுப்புகளும் கொண்டது ஒரு வகை. வெறும் அடிப்பகுதி மட்டும் உள்ளது மற்றொரு வகை. முதல் வகை, தூங்கும் குழந்தையின் தலையைத் தாங்கும். வாரைத் தோளுக்கு நேராகக் கொண்டுவரும் வளையமும் அதில் இருக்கும். எனவே, புதிதாக மாறும் குழந்தைக்கு அதுவே ஏற்றது. அடிப்பகுதி மட்டும் உள்ள புதிய இருக்கைகள், ஐரோப்பாவில் பின்பற்றப்படும் விதிப்படி, 125 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள பிள்ளைகளுக்கே உரியவை.

எந்த வகையாயினும் இரண்டு விதிகள் மாறா. ஒன்று, தோள்வாரும் இடுப்புவாரும் சேர்ந்த மூன்று முனை வாருடன்தான் பூஸ்டரைப் பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, பூஸ்டருக்குப் பதிலாகத் தலையணையையோ மடித்த போர்வையையோ வைக்கக்கூடாது. மோதலின்போது அவை அமுங்கி நழுவிவிடும். குழந்தையும் வாருக்குக் கீழே நழுவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் கொண்டவர்கள், தங்கள் உடலுக்கேற்ற குழந்தை இருக்கையிலோ, பூஸ்டர் இருக்கையிலோ, உயரத்திற்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய வாரைக்கொண்டோ பாதுகாக்கப்பட வேண்டும். முன்பு வயதை அளவுகோலாகக் கொண்டிருந்த விதி, 2012ஆம் ஆண்டு முதல் உயரத்தை அளவுகோலாகக் கொண்டது. வார் சரியாகப் படிகிறதா என்பதை முடிவுசெய்வது உயரம்தான். அதனால் இந்த மாற்றம் பொருத்தமானதே. சராசரியாகப் பிள்ளைகள் ஒன்பது வயதைத் தாண்டிய பிறகே 1.35 மீட்டரை எட்டுகிறார்கள்.

சாலையில் கைகாட்டி நிறுத்தும் டாக்சிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. எல்லா அளவு இருக்கைகளையும் டாக்சி சுமந்து செல்ல முடியாது என்பதே காரணம். ஆனால், செயலிவழி அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. டாக்சிக்கு விலக்கு இருக்கிறது என்பதற்காக, டாக்சியில் மோதலின் விசை குறைந்துவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மலேசியாவிலும் 2020 ஜனவரி 1 முதல், தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகவே, பாலத்தைக் கடந்துவிட்டால் வாரைக் கழற்றிவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பூஸ்டரை எப்போது விடலாம்?

சட்டம் சொல்வது குறைந்தபட்ச எல்லை. 1.35 மீட்டரைத் தாண்டிய பிறகும் சிலருக்கு வார் சரியாகப் படியாது. ஏறத்தாழ 1.45 மீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டரைப் பயன்படுத்துமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைக்கிறது. கீழ்க்காணும் ஐந்து சோதனைகளை நீங்களே உங்கள் தம்பி தங்கைக்குச் செய்து பார்க்கலாம்.

1. முதுகு, காரின் இருக்கையில் முழுமையாகச் சாய்ந்திருக்கிறதா?
2. முழங்கால்கள் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடிகின்றனவா?
3. இடுப்புவார் வயிற்றில் ஏறாமல், தொடையை ஒட்டித் தாழ்வாகப் படிகிறதா?
4. தோள்வார், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே செல்கிறதா?
5. பயணம் முடியும்வரை இப்படியே அமர்ந்திருக்க முடிகிறதா?

ஒன்றில் தவறினாலும் பூஸ்டர் இன்னும் தேவை. காருக்குக் கார் இருக்கையின் ஆழமும் வாரின் உயரமும் மாறுபடும். எனவே, அப்பாவின் காரில் ஐந்திலும் தேறிய பத்து வயதுச் சிறுமி, மாமாவின் காரில் தேறாமல் போகலாம். கார் மாறினால் சோதனையையும் மீண்டும் செய்ய வேண்டும்.

சின்னச் சின்னக் கவனங்கள்

நல்ல இருக்கையை வாங்குவது மட்டும் போதாது. வார் முறுக்கிக்கொண்டிருந்தால் நேராக்குங்கள். ஐந்து முனை வாரைத் தோளருகே இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்பட்டால் வார் தளர்வாக இருக்கிறது என்று பொருள். திறந்தவெளியில் நிறுத்திய காரில் கொக்கியின் உலோகப்பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். மாட்டும்முன் தொட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பின்னிருக்கையே பாதுகாப்பானது. கடும் விபத்தில் சிக்கிய இருக்கையை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கக்கூடும்.

நீண்ட வரிசையில் கார் ஊர்ந்து செல்லும்போதுதான் பொறுமை கரைகிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நெருங்கும்போது, “கொஞ்ச நேரம்தானே, கழற்றிவிடு” என்று குழந்தை கெஞ்சும். ஒருமுறை விட்டுக்கொடுத்தால், அடுத்த முறையும் அது கெஞ்சும். கார் ஓடும்போது வார் கழலாது என்பதை எல்லாரும் ஒரே குரலில் சொன்னால்தான் குழந்தை அதைப் பழக்கமாக ஏற்றுக்கொள்ளும்.

முடிவு எப்படி வந்தது?

மீண்டும் கார் நிறுத்துமிடத்திற்கு வருவோம்.

அம்மா, தம்பியின் பாலர் பள்ளி அறிக்கையை நினைவுகூர்ந்தார். உயரம் 102 சென்டிமீட்டர். எடை 16 கிலோகிராம். இருக்கையின் ஒட்டுவில்லையில் 18 கிலோகிராம் வரை என்று எழுதியிருந்தது. அப்பா அவனை உட்காரவைத்துப் பார்த்தார். தோள்கள் மேல்துளைக்கு இன்னும் கீழேதான் இருந்தன. காதுக்கு மேலும் இடம் இருந்தது. “அது மட்டுமில்ல அப்பா, போன மாசம் மலாக்காவுக்குப் போனப்ப வழி முழுக்கத் தூங்கி என்மேலயே சாய்ஞ்சான்” என்றாள் அக்கா. மூன்று கேள்விகளுக்கும் பதில் ‘இல்லை’.

“அப்போ இதுவேதான்” என்றார் அப்பா. பாட்டியும் அந்த 300 கிலோகிராம் கணக்கைக் கேட்டுவிட்டு, “என் கையால அவ்வளவு பிடிக்க முடியாதும்மா” என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால், தம்பியின் அழுகை மட்டும் நிற்கவில்லை. அக்கா அவன் பக்கம் குனிந்தாள். “இது பாப்பா சீட் இல்லடா. ராக்கெட்ல போறவங்களும் பந்தயக் கார் ஓட்டுறவங்களும் உன்னை மாதிரித்தான் நிறைய வார் போட்டுக்குவாங்க. பாரு, எனக்கு மூணு முனைதான். உனக்கு அஞ்சு!”

தம்பி எண்ணிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கைகளை உயர்த்தினான். அக்கா வாரை மாட்டி, தோளருகே கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு அகப்படவில்லை.

“எல்லாரும் தயாரா?” என்று அப்பா கேட்டார். கார் புறப்பட்டது.

மாணவர்களே, பின்னிருக்கையில் குழந்தைக்கு மிக அருகில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். வாகனத்தை ஓட்டும் பெற்றோரால் அடிக்கடி திரும்பிப் பார்க்க முடியாது. வார் நழுவியிருப்பதும் பொத்தான் அழுத்தப்பட்டிருப்பதும் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். அடுத்த முறை காரில் ஏறும்போது உங்கள் வாரை மாட்டியபின், பக்கத்தில் இருக்கும் சிறிய வாரையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு ஆவது சில நொடிகளே.